மே தின வெற்றிலை

விழுப்புரம்
3–5–1938

அன்புள்ள அக்காவுக்கு,

சீனு எழுதுவது. நீ அனுப்பிய அரிசியும் நல்லெண்ணெயும் வந்து சேர்ந்தன. எண்ணெய் பாதி வழியிலேயே மூட்டைக்குள் இறங்கிவிட்டது. சாதம் வாசனையாக இருக்கிறது.

முந்தாநாள் எங்கள் சமதர்மப் படிப்பு வட்டத்தின் மே தினக் கூட்டம் நடந்தது. ரயில்வேக்காரர்களாக முந்நூறு பேர் இருப்பார்கள். தலைமை வகிக்க வேண்டியவர் வரவில்லை. ஆகவே நானே தலைமை வகித்து, என்னையே பேச அழைத்து, முடிவில் எனக்கே நன்றியும் சொல்லிக்கொண்டேன். 'ஐரோப்பாவின் ஐந்து கொள்கைகள்' என்று பேசினேன். மூன்றாவது கொள்கையின்போது பெட்ரோமாக்ஸ் அணைந்துவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. வழி தெரியாததும் காரணமாக இருக்கலாம்.

எழுத வந்தது அதுவல்ல. கூட்டத்தில் நம் நிலத்தை உழுகிற ராயப்பனைப் பார்த்தேன். இங்கே கரி யார்டில் வேலை செய்கிற தன் மச்சான் சவுரிராயனோடு வந்து, கடைசியில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். விளக்கை மறுபடி ஏற்றி, பேச்சு முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வந்தது. நாற்காலிகளைச் சுற்றியது, நின்றுவிட்டது. சேரிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போகவில்லை. சமதர்மக் கூட்டத்தில்! தட்டை நானே வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். ராயப்பனை எழுப்பி மேடைக்கு அழைத்துவந்தேன். அவன், "அய்யா, உங்ககிட்ட ஒரு வார்த்த…" என்று ஆரம்பித்தான். "அய்யா இல்லை, தோழர்" என்று திருத்தினேன். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. உணர்ச்சி. வெற்றிலையும் பாக்கும் எடுத்து அவன் கையில் வைத்தேன். கவனி, கையில். வாயில் போட்டுக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. முந்நூறு பேரும் கை தட்டினார்கள்.

சித்திரை ஒன்றாம் தேதி ஏர் பூட்டியதும் அப்பா அவனுக்கு வெற்றிலை கொடுப்பாரே, சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் கையில் தராமல், அவன் ஏந்துகிற துண்டு முனையில்தான் போடுவார். இருந்தாலும் அப்பாவிடம் நான் கண்ட ஒரே சமதர்மச் செயல் அது. அவர் பாதியில் விட்டதை நான் முடித்துவைத்தேன் என்று சொல்ல வேண்டும்.

மாங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

தம்பி
சீனு


திண்டிவனம்
11–5–1938

சிரஞ்சீவி சீனுவாசனுக்கு அக்கா தையல்நாயகி ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. வந்ததில் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

இந்தச் சித்திரை ஒன்றாம் தேதி ஏர் பூட்டிவிட்டு, அப்பா இல்லாத இடத்தில் பெரியப்பா வெற்றிலையை வைத்துக்கொண்டு களத்தில் நின்றார். ராயப்பன் வரவில்லை. வெயில் ஏறி, வெற்றிலை வாடி, பெரியப்பாவும் வாடி வீட்டுக்கு வந்தார். விழுப்புரத்தில் சவுரிராயன் கரி அள்ளும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், குடும்பத்தோடு போகப் போகிறோம் என்று அவன் பெண்டாட்டி குப்பம்மாள் சொன்னாள். நான் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தேன். உன் கூட்டம் நடந்த மறுநாள் காலையில் ராயப்பன் வந்து மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். நான் ஒன்றும் கேட்காமல் கூழ் ஊற்றச் சொன்னேன்.

அது என்ன ஐந்து கொள்கை? நிலம் உன் பேரில் இருக்கிறது. உழுவிக்கிற வேலை என்னிடம் இருக்கிறது. புருஷன் போய் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணுக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்று கோதண்டபாணி வக்கீல் சட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்னதற்கு இரண்டு இளநீர் குடித்தார். ஆகவே நான் எந்தக் கொள்கையில் இருக்கிறேன் என்று தெரிந்தால் தேவலை. ஐரோப்பாக்காரன் பேரெல்லாம் எனக்கு வேண்டாம். நம் ஊர் ஆட்களை வைத்துச் சொல்.

ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். ஜாடியைத் திருப்பி அனுப்பு. போன வருஷத்து ஜாடியையும்.

தையல்நாயகி


விழுப்புரம்
2–6–1938

அன்புள்ள அக்காவுக்கு,

நம் ஊர் ஆட்களை வைத்தே சொல்கிறேன்.

பெரியப்பா அப்பாதுரை கன்சர்வேடிவ். இருப்பது இத்தனை காலம் இருந்ததாலேயே நல்லது, பல தலைமுறை சேர்ந்து கட்டியதை ஒரு தலைமுறை இடிக்கக் கூடாது என்பார்கள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் காப்பாற்ற வேண்டும், கீழே இருப்பவன் அங்கேயே இருக்க வேண்டும். இதில் காப்பாற்றுகிற பாகம் மட்டும் மழை பொய்த்த வருஷங்களில் மறந்துபோகும்.

கோதண்டபாணி வக்கீல் லிபரல். ஒவ்வொருவனும் தன் உடம்புக்கும் உழைப்புக்கும் தானே எஜமான், இஷ்டப்பட்டவனிடம் இஷ்டப்பட்ட கூலிக்குப் பேசிக்கொள்ளலாம், சர்க்கார் நடுவில் வரக் கூடாது என்பது அவர்கள் வாதம். அழகான வாதம். பசி இல்லாத இரண்டு பேருக்குள் மிக நன்றாக நடக்கும்.

அனார்க்கிஸ்ட்டுக்கு நம் ஊரில் ஆள் இல்லை. சர்க்காரும் வேண்டாம், மணியக்காரரும் வேண்டாம், ஜனங்கள் தாங்களே கூடிப் பார்த்துக்கொள்வார்கள் என்பவன் அவன். கிடங்கல் ஏரியில் ஊரே அடித்துக்கொண்டு மீன் பிடிக்கிற நாளை அவன் பார்த்ததில்லை. பாசிஸ்ட் என்பவன், முதலாளியும் தொழிலாளியும் தேசம் என்கிற ஒரே உடம்பின் தலையும் காலும், அவர்களுக்குள் சண்டையே கூடாது என்கிறான். சொல்லிவிட்டுக் காலை மட்டும் கட்டிவிடுகிறான்.

இந்த நாலு பேருக்கும் எதிரே நிற்கிறவர்கள் பழைய சமதர்மிகள். அவர்கள் முதலாளி கெட்டவன் என்று சொல்லவில்லை. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், உன்னைப் போல வேளைக்குக் கூழ் ஊற்றட்டும். நிலமும் மிஷினும் ஒருவனிடத்திலும் வெறும் கை இன்னொருவனிடத்திலும் இருக்கிற வரைக்கும், கைக்காரன் தன் நாளில் பாதியை இனாமாகக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பான். லிபரல் கொடுத்த சுதந்திரத்தை இவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, போதாது என்றார்கள். கன்சர்வேடிவின் தயவைத்தான் வேண்டாம் என்றார்கள். நிலமும் மிஷினும் பொதுவாக வேண்டும். அதை உழைக்கிறவர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டும். வேறொருவன் மேலே நின்றுகொண்டு எடுத்துக் கொடுக்கிற காரியம் அல்ல அது.

இப்போது ராயப்பனைப் பார். கரி வேலைக்குப் போக இருந்தவன் என் பேச்சைக் கேட்டான், மறுநாளே மண்ணுக்குத் திரும்பிவிட்டான். ஓடிப்போவதைவிடத் தன் இடத்தில் நின்று போராடுவது மேல் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரே கூட்டத்தில்! இதைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்கூலிக்கு உன்னால் ஏதாவது முடியுமா?

ஜாடி ஒன்று உடைந்துவிட்டது. எது என்று தெரியவில்லை.

தம்பி
சீனு


திண்டிவனம்
21–8–1938

சிரஞ்சீவி சீனுவாசனுக்கு ஆசீர்வாதம்.

விதை நிலக்கடலையை உடைத்து மல்லாட்டை விதைத்தாயிற்று. மழை நம்மை நினைத்துக்கொண்டு இரண்டு தடவை வந்தது.

நீ எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்தேன். தன்னைப் பற்றி எழுதியது சரி என்றார், மழை வாக்கியத்தைத் தவிர. வக்கீலும் தன்னைப் பற்றியது சரி என்றார், பசி வாக்கியத்தைத் தவிர. எனக்கு என்ன பேர் என்று மட்டும் நீ எழுதவில்லை. கூழ் ஊற்றுகிறவள் என்று போட்டிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை சவுரிராயன் வந்து நம் களத்தில் நின்று ராயப்பனிடம் கத்தினான். "இன்னா மாமா நீ? மேஸ்திரி ரெண்டு மாசம் எடத்த வச்சுக்கினு ஒனக்காகக் காத்திருந்தாரு. இப்ப வேற ஆளு பூந்துட்டான். ஒன்ன நம்பி வாக்குக் குடுத்துட்டு எனக்குத்தான் பேஜாராப் போச்சு!" ராயப்பன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே இருந்தான். குப்பம்மாள்தான் பதில் சொன்னாள். "அவுர ஏன் கேக்கற? அவுரு வாயில போட்டுக்கினு வந்துட்டாரு. இனிமே இன்னா பேசறது?" தன் தம்பி சவுரிராயனிடம் சொன்னாளே தவிர, பார்த்தது என்னை. நான் வேலை இருக்கிறதுபோல உள்ளே போய்விட்டேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று மாசம் ஆகிறது.

என்ன ஏது என்று திருப்பி எழுதிக் கேட்காதே. மல்லாட்டை நிலத்தில் இருக்கிறது.

அச்சுக்கூலிக்குச் செக்குக்காரரிடம் மல்லாட்டைமேல் முன்பணம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

தையல்நாயகி


விழுப்புரம்
12–10–1938

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்துவிட்டது. நாற்பது பக்கம். அட்டை சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய ரோஜா நிறம்தான் இருந்ததாம். ஐந்து பிரதி அனுப்புகிறேன்.

நாங்கள் எல்லோரும் செக்கோஸ்லோவாகியாவைப் பற்றிய கவலையில் இருக்கிறோம். வட்டத்தில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். ஹிட்லருக்கு நகல் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். தபால் செலவை உத்தேசித்துக் கைவிட்டோம்.

குப்பம்மாள் சொன்ன வாக்கியம் எவ்வளவு அழகு! 'வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், இனி என்ன பேசுவது.' சமத்துவத்தை ஒருமுறை ருசித்தவன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை அந்த ஜனங்கள் எத்தனை எளிமையாகச் சொல்லிவிடுகிறார்கள்! முன்பே தெரிந்திருந்தால் புத்தகத்தில் சேர்த்திருப்பேன். முப்பத்தோராம் பக்கத்தில் ராயப்பனைப் பற்றி இருக்கிறது. அதை அவனுக்கு நீயே படித்துக் காட்டு. அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுது.

தம்பி
சீனு


திண்டிவனம்
30–11–1938

சீனுவாசனுக்கு,

மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து, காய வைத்து, மூட்டை கட்டியாயிற்று. இனி எழுதலாம். இதற்குமுன் எழுதாததற்கு அதுவே காரணம் என்பதையும் எழுதிவிடுகிறேன். கூச்சமாக இருக்கிறது.

நம் வீட்டு ஏற்பாடு உனக்குத் தெரியாது. நீ எட்டு வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். லீவுக்கு வந்தால் வேடிக்கை பார்ப்பாய். சித்திரையில் நம் வீட்டுக் கை கொடுக்கிற வெற்றிலையை வாங்கி எதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டவன் அடுத்த சித்திரை வரைக்கும் நம் ஆள். வேறிடத்தில் வேலைக்குப் போகக் கூடாது. அவன் பெண்டாட்டி சாணி தட்ட வர வேண்டும். பிள்ளைகள் மாடு மேய்க்க வேண்டும். வேண்டாதவன் அன்று வராமல் இருந்துவிடலாம். அவனுக்கு இருக்கிற வழி அது ஒன்றுதான். வாங்க மாட்டேன் என்று நேரில் நின்று சொன்னவன் இதுவரை யாரும் இல்லை. ராயப்பன் இருபது வருஷத்தில் முதல் தடவையாக வராமல் இருந்தான்.

அப்பா சமதர்மம் செய்யவில்லையடா. ஆள் பிடித்தார்.

சித்திரை முடிவதற்குள் நீயும் மேடையில் ஏற்றிப் பிடித்தாய்.

முப்பத்தோராம் பக்கத்தை அவனுக்குப் படித்தேன். முழுக்கக் கேட்டான். "நல்லாத்தான் எழுதிக்கிறாரு" என்றான். பிறகு தானாகவே சொன்னான். "சொல்லிக்கினு போவலாம்னுதாம்மா அந்தக் கூட்டத்துக்குப் போனேன். பெரிய அய்யா பூட்டாரு, இனி சின்ன அய்யாதான எங்களுக்கு. சொல்லாம போனா நல்லா இருக்காது பாருங்க. வாயத் தொறக்கறேன், கையில வச்சுட்டாரு."

"வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்டிம்மா? அத்தினி ஜனம் பாத்துக்கினு இருக்குது. நான் கைய இழுத்துக்கினா அய்யாவுக்கு அவமானமாப் பூடும். தோழர்னு வேற சொன்னாரு. அது இன்னா வேலையோ தெரியல. பழைய வேலதான்னு வந்துட்டேன்."

அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். நான் பார்க்கவில்லை.

இது எனக்கு மே மாசமே தெரியும். உன் கடிதத்தை மடித்து வைத்தபோதே தெரியும். அன்றே இரண்டு வரி எழுதியிருந்தால் அவன் போய்ச் சேர்ந்திருப்பான், கரி யார்டில் இடம் காத்திருந்தது. ஆனால் அவனைப்போலக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்ட இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. நிலத்தில் நின்ற அந்த மல்லாட்டையைக் காட்டி வாங்கிய முன்பணத்தில்தான் உன் புத்தகமும் அச்சாயிற்று.

தையல்நாயகி


விழுப்புரம்
4–12–1938

அக்காவுக்கு,

முதலில் உன்மேல் கோபப்பட்டேன். அது ஒரு மணி நேரம் வசதியாக இருந்தது.

அந்த மேடையில் என் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் ராயப்பன் இன்று கரி யார்டில் இருப்பான். பெரியப்பாவுக்கு வெற்றிலையின் பொருள் தெரியும், அவனை மேடையில் ஏற்றியிருக்க மாட்டார். வக்கீல் "எங்கே போகிறாய்?" என்று கேட்டிருப்பார், "போய் வா" என்றிருப்பார், அவர் கொள்கையில் அதற்கு இடம் இருக்கிறது. அனார்க்கிஸ்ட் தட்டைக் கவிழ்த்திருப்பான். பாசிஸ்ட் சேரிக்காரனைக் கூட்டத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டான், ராயப்பன் தன் பாட்டுக்குக் கரி யார்டு போய்ச் சேர்ந்திருப்பான். பேச வாயைத் திறந்தவனை நிறுத்தி அவன் வார்த்தையைத் திருத்தியவன் நான் ஒருவன்தான்.

வேறொருவன் மேலே நின்று எடுத்துக் கொடுக்கிற காரியம் அல்ல என்று உனக்கு எழுதியிருந்தேன். புத்தகத்திலும் இருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம். அதைப் பேசி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தட்டை எடுத்தேன்.

இங்கே வட்டத்தில் அந்த வெற்றிலையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். கோலியனூரிலிருந்து வந்த ஒருவர் அதேபோலத் தங்கள் ஊரிலும் செய்ய வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன்.

இதனுடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். ராயப்பனும் அவன் குடும்பமும் இன்றுமுதல் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டாம்பும் ஒட்டியிருக்கிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு.

சீனு


திண்டிவனம்
9–12–1938

சீனுவாசனுக்கு,

படித்துக் காட்டினேன். 'இன்றுமுதல் நீ சுதந்திர மனிதன்' என்கிற இடத்தில் இருமினான். ஸ்டாம்பைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தான். பிறகு, "காயிதம் குடுத்தா ஆச்சாம்மா? நான் இன்னா காயிதத்தயா வாயில போட்டுக்கினேன்?" என்றான்.

குப்பம்மாள் ஏழு மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள். "அய்யா கையால குடுத்தாரு. இவுரு வாங்கி வாயில போட்டுக்கினாரு. இப்ப இவுரு குடுக்கட்டும், அய்யா வாங்கி வாயில போட்டுக்கட்டும். அன்னிக்கு ஊரே பாத்துச்சில்ல? இதையும் பாக்கட்டும். மறுநாளே நாங்க போறம். இல்லன்னா சித்திர வரைக்கும் கெடக்கறம், வாக்குன்னா வாக்குதான்" என்றாள். இப்படி ஒரு வழக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "உடறதுக்குன்னு உங்க ஊட்ல இன்னா வழக்கம் இருக்குது, சொல்லுங்க, அதயே பண்ணிக்கலாம்" என்றாள்.

விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம். மாசக் கடைசிக்குள் போனால் உண்டு.

நீ வருவாயா? சேரிக்காரன் கை வெற்றிலையைப் போட்டுக்கொண்டால் நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்று உனக்கு எழுத வேண்டாம். பெரியப்பா உனக்குக் கண்டாச்சிபுரத்தில் பெண் பார்த்து வைத்திருக்கிறார். அவர்கள் காதுக்கும் போகும். வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

தையல்நாயகி


விழுப்புரம்
13–12–1938

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். பேச்சு எதுவும் தயாரிக்கவில்லை.

சீனு


திண்டிவனம்
22–12–1938

சீனுவாசனுக்கு,

நீ போய் நாலு நாளாகிறது. கடிதம் போடுவாய் என்று பார்த்தேன். போடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

பெரியப்பா அன்று கண்டாச்சிபுரத்துக்காரரைக் கூட்டிவந்து களத்தோரம் நாற்காலி போட்டு உட்காரவைப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உனக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பேன். வக்கீல் தானாகவே வந்தார். சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராயப்பன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான். உள்ளங்கையில் வெற்றிலையை வைத்து நீட்டினான். நீ எடுத்துக்கொண்டாய். அதுவரைக்கும் சரி. பிறகு நீ பேச ஆரம்பித்தாய். பாரிஸ் வரைக்கும் போனாய். பழைய சமதர்மிகள் வந்தார்கள். பெரியப்பாவின் நாற்காலிப் பக்கம் நீ ஒருமுறை பார்த்தாய், அதன் பிறகு ஜெர்மனிக்கும் போனாய். ஜனங்கள் உன் பேச்சைக் கேட்கவில்லை சீனு. உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ "ரயிலுக்கு நேரமாகிவிட்டது" என்று வெற்றிலையை ஜிப்பாப் பையில் போட்டதையும் பார்த்தார்கள். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி இருந்தது.

கண்டாச்சிபுரத்துக்காரருக்குத் திருப்தி. நல்ல கெட்டிக்காரப் பிள்ளை என்றாராம்.

மற்றவர்கள் போன பிறகும் ராயப்பனும் குப்பம்மாளும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "அய்யா போட்டுக்கினாராம்மா?" என்று ராயப்பன் கேட்டான்.

நான் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் பெண் இல்லை. ஆனாலும் கூசாமல் பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. "போட்டுக்கினாருடா" என்றேன். "வண்டியில ஏறி உக்காந்ததும் போட்டுக்கினாரு. நான்தான் பார்த்தேனே." நான் களத்தைவிட்டு நகரவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். குப்பம்மாள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன், "அப்ப சரிம்மா" என்றான்.

மறுநாள் காலையில் போய்விட்டார்கள். குடிசைக் கதவைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மண் நம்முடையது என்றார் பெரியப்பா. கதவு யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தீனிக் கவணையில் இரண்டு நாளைக்கு வைக்கோல் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏழு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் திட்டினால் நன்றாக இருக்காது.

தையல்நாயகி


விழுப்புரம்
9–1–1939

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைக் காப்பாற்றுவதற்காக நீ சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை தோன்றியது. படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். வண்டியில் ஏறிப் போட்டுக்கொண்டார் என்று நீ சொன்னாய். ஆகவே வண்டியில் ஏறிப் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

நேற்று பகல் பாசஞ்சரில் விக்கிரவாண்டிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்தேன். வெற்றிலை ஜிப்பாப் பையிலேயே இருந்தது. சருகாகியிருந்தது, பாக்கு மட்டும் பாக்காகவே இருந்தது. பெட்டியில் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இருந்தும் கையைப் பைக்குள் விடுவதும் எடுப்பதுமாக முண்டியம்பாக்கம் தாண்டியது, விக்கிரவாண்டியும் வந்துவிட்டது. ஐரோப்பா முழுவதையும் நாற்பது பக்கத்தில் அடக்கியவனால் ஒரு சருகை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை.

திரும்பி வருகிற வண்டியில் எதிரே இருந்தவர் தானாகவே சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார். அவர் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வண்டிச் சத்தம் அவ்வளவு இருந்தது. வாங்கித் தடவி, முழுவதையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்குகிற பண்டமாக அது இல்லை. துப்பவும் மனம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் இறங்கினேன்.

கூட்ஸ் ஷெட் வழியாகத்தான் என் அறைக்குப் போக வேண்டும். மூன்று வாரமாகச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தேன். நேற்று வாயில் இது இருந்த தைரியத்தில் நேராகப் போனேன். ராயப்பன் கூட்ஸ் வேகனில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். சவுரிராயன் பக்கத்தில் நின்று அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். ராயப்பன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் வந்தான்.

"அம்மா நல்லா இருக்காங்களாய்யா? மாடு எப்டிக் கீது?" என்று கேட்டான்.

அய்யா இல்லை என்று திருத்த வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா அன்னிக்கே போட்டுக்கினாருன்னு சொன்னாங்க" என்றான். என் வாயைப் பார்த்தான். உதட்டோரம் சிவப்பு வழிந்திருக்க வேண்டும். "இப்பத்தானாய்யா?"

வாய் நிறைய வெற்றிலை. தலையை ஆட்டினேன்.

அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சீனு